அடுத்த வெள்ளம் வரும்வரை

கேள்வி: கிராமத்தில் வளர்ந்த இயக்குநர்கள் எடுக்கும் சுயாதீனப் படங்களில் ஊர் என்பது, விருதுக் குழுக்களின் பார்வைக்கு வைக்கப்படும் வறுமைப் பின்னணி மட்டும்தானே? திறமையுள்ள ஒருவர் ஒரு மாதம் அங்கே தங்கி அதே படத்தை எடுத்துவிட முடியாதா?

பதில்: முடியாது. அசாமிலிருந்து வந்த ஒரு படத்தை வைத்தே காரணத்தைச் சொல்கிறேன்.

அதன் இயக்குநர் ரீமா தாஸ், அசாமில் சாய்காவ் அருகேயுள்ள கலர்தியா என்னும் சிற்றூரில் பிறந்தவர். நடிகையாகும் எண்ணத்தில் மும்பைக்குப் போனவர். திரைப்படக் கல்லூரி எதிலும் படிக்காதவர். முதல் படத்தின் வேலையாக ஊர் திரும்பியிருந்தபோது, தெர்மோகோலில் வெட்டிய வாத்தியங்களைப் பிடித்துக்கொண்டு கச்சேரி நடத்திய சிறுவர்களைக் கண்டார். ‘வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்’ (2017) அங்கிருந்துதான் தொடங்கியது. எழுத்து, இயக்கம், தயாரிப்பு, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு அனைத்தையும் அவரே செய்தார். ஒலிப்பதிவை உறவுக்காரப் பெண்ணான மல்லிகா தாஸ் கவனித்தார். கிட்டார் வாங்க ஆசைப்படும் துனுவாக நடித்த பனிதா தாஸும் உறவுக்காரச் சிறுமியே. படப்பிடிப்பு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக நடந்தது.

இந்த மூன்று ஆண்டுகளைத்தான் நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. கூலி கொடுத்து அழைத்து வந்த படப்பிடிப்புக் குழுவை வைத்துக்கொண்டு, பிரம்மபுத்திரா சமவெளியில் அடுத்த வெள்ளம் வரும்வரை யாராலும் காத்திருக்க இயலாது. சொந்த வீட்டில் இருப்பவரால் இயலும். வெளியிலிருந்து வருகிறவருக்கு வெள்ளம் ஒரு பேரழிவுக் காட்சி. அதைப் படம்பிடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார். இந்தப் படத்திலோ அது ஆண்டுதோறும் வருகிற ஒரு பருவம். பயிர் நீரில் போகிறது, நீர் வடிந்ததும் மறுபடி வயலில் இறங்குகிறார்கள்; துனுவின் தந்தையைக் கொண்டுபோன அதே நீரில் அவள் தாய் அவளுக்கு நீந்தக் கற்றுத் தருகிறாள். அச்சமும் பழக்கமும் ஒன்றாகக் கலந்த அந்தக் காட்சியை, வெள்ளத்தோடு வளராத ஒருவர் எழுதியிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

வறுமை என்றீர்கள். பையன்களோடு சேர்ந்து மரம் ஏறுகிறாளே என்று மகளைக் குறைகூறும் ஊர்ப் பெண்களுக்கு அந்தக் கைம்பெண் தாய் முகத்துக்கு நேரே பதில் சொல்லும் இடத்தை மீண்டும் பாருங்கள். இரக்கத்தை யாசிக்கும் பாத்திரமாக அவளை ஓர் இடத்திலும் ரீமா தாஸ் காட்டவில்லை. 2018இல் சிறந்த படத்துக்கான தேசிய விருது வந்தது உண்மை. ஆனால் விருதைக் கணக்கிட்டு எவரும் ஒரு சிறுமி வளர்வதைக் கேமராவோடு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதில்லை.

ஊரில் பிறந்தால் மட்டும் போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. மும்பையில் கழித்த ஆண்டுகள் இல்லையென்றால், தினமும் கண்ணில் படுகிற அந்தத் தெர்மோகோல் கிட்டார் அவருக்குப் படமாகத் தோன்றியிருக்குமா என்பது ஐயமே. நம் மேலூர் வட்டாரத்து வினோத்ராஜும் மதுரைப் பூச்சந்தை, திருப்பூர், சென்னை என்று அலைந்து வேலை பார்த்த பிறகே ‘கூழாங்கல்’ (2021) எடுத்தார். கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்டுக் கைக்குழந்தையோடு வெகுதூரம் நடந்தே வந்த தம் சகோதரியின் துயரத்தை எடுத்துக்கொண்டு, அந்த வெயில் நடையை ஆண் நடக்கும்படி மாற்றினார். அந்த மண்ணின் சூட்டை அவருக்குக் கற்றுத் தந்தது ஊர். நடக்க வேண்டியவன் யார் என்று தீர்மானித்தது அவருடைய கலை மனம்.

ரீமா தாஸ் 2024இல் ‘வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ் 2’ படத்தைக் கொண்டுவந்தார். அதே ஊரில், வளர்ந்து பெரியவளான அதே பனிதா தாஸ் அதில் துனுவாக நடித்திருக்கிறார். ஒரு மாதம் தங்கிச் செல்கிறவர் அந்தப் பெண்ணின் இடைப்பட்ட ஆண்டுகளை எங்கிருந்து கொண்டுவருவார்?