ஒரே மண்டபம், பதினெட்டுப் பிள்ளைகள்: சிறுவருக்கான பாலே வகுப்பை ஒழுங்கமைப்பது எப்படி?

கேள்வி: ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் 5 முதல் 10 வயது வரையான 18 பிள்ளைகளுக்குப் பாலே கற்பித்து வருகிறேன். ஒரு மணி நேர வகுப்பில் பாதி நேரம் அவர்களை வரிசையில் நிறுத்துவதிலும் அமைதிப்படுத்துவதிலுமே போய்விடுகிறது. மண்டபத்தின் தரை மெருகேற்றிய சிவப்புச் சீமெந்து. பிள்ளைகளில் சிலர் பரதநாட்டியமும் பயில்கிறார்கள். நுனிவிரலில் நின்று ஆடும் ‘பொயிண்ட்’ சப்பாத்தை எப்போது வாங்குவது என்று பெற்றோர் சிலர் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நான் எதை முதலில் மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் மாற்ற வேண்டியது பிள்ளைகளையல்ல, நேர அட்டவணையை. ஐந்து வயதுப் பிள்ளையும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே மணி நேரத்தில் ஒரே பயிற்சியைச் செய்யும்போது, சின்னவருக்கு அது விளங்காமலும் பெரியவருக்கு அது சலிப்பாகவும் இருப்பதால் இரு தரப்பும் குழப்படி செய்யத் தொடங்கும். 1920இல் இலண்டனில் தொடங்கப்பட்ட ராயல் அகடமி ஒஃப் டான்ஸ் போன்ற அமைப்புகள் ஆரம்ப நிலைகளை ஏறக்குறைய ஒவ்வொரு வயதுக்கும் ஒரு படியாக வகுத்து வைத்திருப்பது காரணமில்லாமல் அல்ல. உங்கள் 18 பேரையும் 5 முதல் 7 வயது வரை ஒரு பிரிவாகவும், 8 முதல் 10 வயது வரை இன்னொரு பிரிவாகவும் பிரியுங்கள். சின்னவர்களுக்கு 45 நிமிடங்கள் தாராளமாகப் போதும். பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம் வையுங்கள். மண்டபம் அவ்வளவு நேரம் கிடைக்காவிட்டால் சின்னவர்களை முதலில் அரை மணி நேரம் தனியாக வைத்துக்கொண்டு, இரு பிரிவும் கால் மணி நேரம் ஒன்றாக ஆடிய பின் சின்னவர்களை அனுப்பிவிட்டு, பெரியவர்களுடன் மீதி நேரத்தைத் தொடரலாம். அக்காமார் ஆடுவதைப் பார்க்கும் அந்தக் கால் மணி நேரத்தில் சின்னவர்கள் கற்றுக்கொள்வது அதிகம்.

அடுத்தது காத்திருப்பு. நான் பார்த்த வகுப்புகளில் சத்தம் எழுந்த இடங்களில் பெரும்பாலானவை, பிள்ளைகள் செய்வதற்கு எதுவுமின்றி நின்ற இடங்களே. மண்டபத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் துள்ளிச் செல்லும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு எட்டு வினாடிகள் ஆகும் என்று வைத்தால், ஒவ்வொருவராக அனுப்பும்போது 18 பேரும் முடிக்க ஏறக்குறைய இரண்டரை நிமிடங்கள் ஆகும். அதில் ஒரு பிள்ளை ஆடுவது எட்டே வினாடிகள். மீதி நேரமெல்லாம் அந்தப் பிள்ளை வரிசையில் நின்று முன்னால் நிற்பவரின் கொண்டையை இழுக்காமல் வேறென்ன செய்யும்? மூவர் மூவராக அனுப்புங்கள். முதல் மூவர் எட்டு எண்ணிக்கையை முடித்தவுடனேயே அடுத்த மூவர் புறப்படட்டும். ஆடி முடித்தவர்கள் சுவரோரமாக, கைகளை இடுப்பில் வைத்து, குதிகாலை உயர்த்தி முன்பாதத்தில் நடந்து வரிசையின் கடைசிக்குத் திரும்பி வரட்டும். அது கணுக்கால் பயிற்சியாகவும் அமையும், திரும்பி வரும் வழியில் நடக்கும் தள்ளுமுள்ளும் நின்றுவிடும்.

வரிசையில் நிறுத்துவதற்குக் குரலை நம்ப வேண்டாம். வகுப்புக்கு முன்னரே தரையில் சோக்கினாலோ நிற ஒட்டுநாடாவினாலோ ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடத்தைக் குறித்து வையுங்கள். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் அடுத்தவரைத் தொடாத அளவு இடைவெளி வேண்டும். முன்வரிசை வாரந்தோறும் பின்வரிசைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகள் நிரந்தரமாக முன்னாலும், கூச்சமுள்ள பிள்ளைகள் நிரந்தரமாகப் பின்னாலும் தங்கிவிடுவார்கள். மழையிலும் பஸ் தாமதத்திலும் சிக்கிப் பிந்தி வரும் பிள்ளையை வாசலில் வைத்து விசாரிக்காதீர்கள். சப்பாத்தை மாற்றிக்கொண்டு சுவரோரமாக நின்று, நடந்துகொண்டிருக்கும் பயிற்சி முடிந்ததும் தன் குறியில் போய் நிற்க வேண்டும் என்பதை முதல் நாளே ஒரு வழக்கமாக்கிவிட்டால் போதும்.

நிறுத்துவதற்கான சைகை ஒன்றும் வேண்டும். இசை நின்றதும் கைகள் இடுப்புக்குப் போக வேண்டும் என்பது எளிமையான விதி. ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை மழை தகரக் கூரையில் கொட்டும்போது இசை நின்றது பின்வரிசைக்குக் கேட்காது. நீங்கள் கத்தினாலும் கேட்காது. அதற்காகக் கண்ணால் பார்க்கக்கூடிய சைகை ஒன்றையும் பழக்குங்கள். நீங்கள் இரு கைகளையும் வட்டமாகத் தலைக்கு மேல் உயர்த்தினால் அதைக் கண்ட பிள்ளையும் உயர்த்த வேண்டும். சில வினாடிகளில் மண்டபம் முழுவதும் கைகள் எழுந்துவிடும். பரதம் பயிலும் பிள்ளைகள் இருப்பதால் தட்டுக்கழி ஒன்றை அருகில் வைத்திருப்பதும் நல்லது. அதன் ஓசை மழையையும் தாண்டிக் கேட்கும், அது எதற்கு என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் இல்லை.

இனித் தரைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இந்த விடயம்தான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. பாலேயில் பாய்தல் நிறைய உண்டு. மரச்சட்டங்களின் மேல் பலகை அடித்த தளம், பாய்ந்து இறங்கும் பாதத்தின் அதிர்ச்சியில் ஒரு பகுதியைத் தான் ஏற்றுக்கொள்ளும். சீமெந்து அதை முழுவதுமாகக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் திருப்பியனுப்பிவிடும். 8 வயதுக்கு மேல், எலும்பு வேகமாக வளரும் பருவத்தில் உள்ள பிள்ளைகளுக்குக் குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழேயும் வலி வருவது சாதாரணமாகக் காணப்படுவது. கடினத் தரையில் திரும்பத் திரும்பப் பாய்வது அதை மோசமாக்கும். சீமெந்தின் மேல் மெல்லிய வினைல் விரிப்பைப் போட்டால் வழுக்கல் குறையுமே தவிர அதிர்ச்சி குறையாது. சந்தையில் கிடைக்கும் புதிர்த்துண்டு நுரைப்பாய்களும் உதவா. அவற்றில் பாதம் புதைந்து, சுழலும்போது கணுக்கால் திருகிக்கொள்ளும்.

அருகிலுள்ள பாடசாலை மேடையோ பழைய கிளப் கட்டடமோ மரத்தளத்துடன் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் பலகையின் அடியில் வெற்றிடம் இருக்கிறதா என்பதைக் குதிகாலால் தட்டிப் பாருங்கள். சீமெந்தின் மேல் நேரடியாக ஒட்டிய பலகையால் பயன் குறைவு. இடம் மாற முடியாவிட்டால், அடர்த்தியான நுரைத்துண்டுகளை இடைவெளி விட்டு அடியில் ஒட்டி, அதன் மேல் 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையை இரண்டு அடுக்காக, மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி குறுக்காக அடித்து, மேலே வினைல் விரிக்கும்படி ஒரு தச்சரிடம் சொல்லலாம். மண்டபம் முழுவதற்கும் செய்ய வேண்டியதில்லை. பாயும் பயிற்சிகளுக்கு ஒரு பகுதி இருந்தாலே போதும். அதுவும் இயலாத காலம் வரை பெரிய பாய்தல்களை முற்றாக விட்டுவிட்டு, சிறிய பாய்தல்களையும் குறைத்து, முழங்காலை மடக்கி நுனிவிரல், முன்பாதம், குதிகால் என்ற வரிசையில் ஓசையின்றி இறங்குவதை மட்டும் கற்பியுங்கள்.

சிவப்புத் தரைக்கு மெழுகு பூசும் வழக்கம் எங்கும் உள்ளது. வெள்ளிக்கிழமையில் பூச வேண்டாம் என்று மண்டபக் காவலாளியிடம் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மேசு மட்டும் அணிந்து ஆட எந்தப் பிள்ளையையும் அனுமதிக்கக் கூடாது. பனிமூட்டமான காலைகளில் சீமெந்துத் தரையில் ஈரம் படியும் என்பதால், வகுப்புக்கு முன் உலர்ந்த துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும்.

குளிரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கும், நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேல் உள்ளன. மார்கழி, தை மாதக் காலைகளில் பிள்ளைகளின் தசைகள் இறுகியிருக்கும்போது அவர்களைத் தரையில் உட்காரவைத்துக் கால்களை நீட்டி இழுக்கச் செய்வது, கொழும்பில் படித்த பாடத்தை அப்படியே மலைக்குக் கொண்டுவருவதாகும். முதல் எட்டுப் பத்து நிமிடங்கள் நடை, துள்ளல், பக்கவாட்டு ஓட்டம் என்று உடல் சூடாகட்டும். வட்டமாக நின்று கும்மிபோல் கைகொட்டிச் சுற்றுவதும் அதற்குப் பொருத்தமானதுதான். அதுவரை சுவெட்டரைக் கழற்றச் சொல்ல வேண்டாம். தசைகளை நீட்டும் பயிற்சிகளை வகுப்பின் கடைசிக்கு ஒதுக்கி, அதையும் பாயின் மேல் செய்யச் சொல்லுங்கள்.

பரதம் பயிலும் பிள்ளைகளை ஒரு சிக்கலாக நினைக்காதீர்கள். தாளமும் அடவுகளை ஞாபகத்தில் வைக்கும் பழக்கமும் அவர்களிடம் ஏற்கெனவே உள்ளன. குழப்பம் வருவது சில இடங்களில்தான். அரைமண்டியில் அவர்கள் நிலைத்து நின்று பழகியவர்கள். பாலேயின் பிளியேயில் முழங்கால் மடங்குவதும் நிமிர்வதும் இடையில் நிற்காத ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். அங்கே பாதம் தரையை ஓங்கித் தட்ட வேண்டும். இங்கே தரையைத் தடவி நீள வேண்டும். இந்த வேறுபாட்டை ‘அந்த வகுப்பில் அப்படி, இந்த வகுப்பில் இப்படி’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செய்துகாட்டினாலே அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். பரத ஆசிரியை சொன்னது பிழை என்ற தொனி மட்டும் உங்கள் வாயிலிருந்து ஒருபோதும் வரக்கூடாது. மலையகத்தின் சிறிய நகரங்களில் அந்தப் பேச்சு அடுத்த வாரத்துக்குள் அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்பது ஒருபுறமிருக்க, அது உண்மையும் அல்ல.

இரு கலைகளிலும் பொதுவாகக் கவனிக்க வேண்டியது கால்கள் வெளிப்பக்கம் திரும்பும் முறை. அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். பாதங்களை மட்டும் ஒரே நேர்கோட்டில் திருப்பிவைத்துவிட்டு முழங்கால் முன்னோக்கியே நின்றால், அந்தத் திருகலை முழங்காலும் பாதத்தின் உள்வளைவும் தாங்க வேண்டியதாகிவிடும். சோதிப்பது எளிது: பிள்ளையை முதலாம் நிலையில் (குதிகால்கள் ஒட்டி, பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பியிருக்க) நிறுத்திப் பாதியளவு மடங்கச் சொல்லி முன்னாலிருந்து பாருங்கள். முழங்கால் பெருவிரலுக்கு உட்பக்கமாகச் சரிந்தால் பாதங்களின் கோணத்தைக் குறையுங்கள். சின்னவர்களுக்குப் பாதங்கள் ஒரு ‘ட’ வடிவ மூலை அளவுக்குத் திரும்பியிருந்தாலே நிறைவு. பிரெஞ்சு நடன ஆசிரியர் பியேர் போஷாம்ப் 17ஆம் நூற்றாண்டில் வகுத்ததாகச் சொல்லப்படும் ஐந்து பாத நிலைகளின் படத்தைச் சுவரில் தொங்கவிட்டிருந்தால் ‘ஏன் இரண்டு மட்டும் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?’ என்று பெற்றோர் கேட்பார்கள். ஐந்தாம் நிலைக்கு அவசரமே இல்லை; படத்தை வேண்டுமானால் கழற்றிவிடுங்கள்.

திருத்துவதற்காகப் பிள்ளையின் உடலைத் தொடும் முன் ‘முழங்காலைப் பிடித்துக் காட்டட்டுமா?’ என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் செய்துகாட்டி விளக்குங்கள். மண்டபத்தில் இன்னொரு பெரியவர் எப்போதும் இருக்க வேண்டும். பெற்றோரை வகுப்பு முழுவதும் உட்காரவைத்தால் பிள்ளைகள் அவர்களுக்காக ஆடத் தொடங்குவார்கள். கடைசிப் பத்து நிமிடங்களுக்குக் கதவைத் திறந்துவிடுங்கள். முடிவில் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி, அழைத்துப்போக வந்தவரிடம் ஒப்படைத்த பின்பே அடுத்த பிரிவை உள்ளே விடுங்கள்.

பொயிண்ட் சப்பாத்து விடயத்தில் பெற்றோருக்கு உறுதியான பதிலைச் சொல்லுங்கள்: இந்த 18 பேரில் எவருக்கும் இப்போது வேண்டாம். பாதத்தின் எலும்புகளில் இன்னும் வளரும் குருத்தெலும்புப் பகுதிகள் இருக்கும் வயதில், முழு உடல்பாரத்தையும் விரல்நுனிக்குக் கொடுப்பது ஆபத்தானது. பொதுவாக 11, 12 வயதுக்கு முன் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை, அப்போதும் வயது மட்டும் போதாது. சில வருடங்கள் தொடர்ச்சியாக, வாரத்துக்கு ஒரு வகுப்புக்கு மேல் பயின்றிருக்க வேண்டும். ஒற்றைக்காலில் முழங்கால் மடங்காமலும் கணுக்கால் சரியாமலும் பலமுறை உயர்ந்து இறங்க முடிய வேண்டும். முதுகும் வயிற்றுத் தசைகளும் உடலைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். சனிக்கிழமை மட்டும் வரும் பிள்ளைக்கு இவை எளிதில் அமைவதில்லை. இணையத்தில் அளவு பார்த்து வாங்கி வீட்டில் போட்டுப் பார்ப்பது இன்னும் மோசம் என்பதால், அதையும் அறிவித்தலில் எழுதி அனுப்புங்கள். பணம் செலவழித்தே தீர வேண்டும் என்ற பெற்றோரிடம், காலுக்குச் சரியாகப் பொருந்தும் மென்மையான தோல் அல்லது கன்வஸ் சப்பாத்து ஒரு சோடி வாங்கச் சொல்லுங்கள். அடுத்த வருடமும் போடலாம் என்று ஓர் அளவு பெரிதாக வாங்கினால், நுனியில் மடியும் அந்தத் துணி பிள்ளையை உங்கள் சிவப்புத் தரையில் இடறி விழவே வைக்கும்.