லெ ஜான்டி பார்க்காத வெள்ளி

கேள்வி: எங்க திருவாரூருக்கும் ஒரு பிரெஞ்சு வானியல் விஞ்ஞானிக்கும் சம்பந்தம் உண்டுன்னு சயின்ஸ் மிஸ் சொன்னாங்க, யாரு அவரு?
(ஆறாம் வகுப்பு மாணவி, திருவாரூர்)

பதில்: அவர் பேரு கியோம் லெ ஜான்டி, கண்ணு. 1749-லயே ஆண்ட்ரோமெடாங்கற பெரிய கேலக்ஸி (நட்சத்திரக் கூட்டம்) பக்கத்துல இருக்கற எம்32-ங்கற குட்டி கேலக்ஸியைக் கண்டுபிடிச்சவரு. 1761 ஜூன் 6 வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போச்சு, அதைப் பல ஊர்லேர்ந்து அளந்தா சூரியன் எவ்ளோ தூரம்னு கணக்குப் போட்டுடலாம், அதுக்குத்தான் 1760-ல பாண்டிச்சேரிக்குக் கப்பல் ஏறினாரு, ஆனா வந்து சேர்றதுக்குள்ள ஊரு இங்கிலீஷ்காரங்க கைக்குப் போயிடுச்சு, கப்பலும் திரும்பிடுச்சு. ஆடுற கப்பல்லேர்ந்து பார்த்தா அளவு எங்க சரியா வரும்?

அடுத்தது 1769, அதை விட்டா 1874. அதனால சொந்த ஊருக்கே போகல மனுஷன்! 1768-ல பாண்டிச்சேரி வந்து டெலஸ்கோப் வச்சு ரெடியா இருந்தாரு, 1769-ல வெள்ளி கடக்கற அன்னிக்குக் காலைல பார்த்து ஒரே மேகம். வெள்ளி கடந்து முடிஞ்சப்புறம் வெயில் பளிச்சுன்னு அடிச்சுது. இப்பப் படிச்சாலும் எனக்கு மனசு ஆறல.

ஆனா இங்க இருந்தப்ப நம்ம ஆளுங்ககிட்ட உட்கார்ந்து, சோழிகளை நகர்த்தியே கிரகணம் கணிக்கிற முறையைக் கத்துக்கிட்டாரு. அவர் கொண்டுபோன வானியல் அட்டவணைகளை ஐரோப்பாவுல உங்க ஊர் பேர்லதான் சொன்னாங்க, எவ்ளோ பெருமை பாரு!

1771-ல பிரான்ஸ் திரும்பினா, செத்துட்டாருன்னு சொத்தைப் பங்கு போடப் பார்த்திருக்காங்க. அப்புறம் கல்யாணம் பண்ணி, ஒரு பொண்ணும் பொறந்து, 1792 வரைக்கும் இருந்தாரு.