வாசகர் கேள்வி - பதில்: முதல் வாரம் முடிந்த பிறகு

பேரிடர் வந்துவிட்டால் மனிதர்கள் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு ஓடுவார்கள், கொள்ளையடிப்பார்கள் என்கிறார்களே, உண்மையா? (கல்லூரி மாணவி)

பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1963-இல் பேரிடர் ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் ஒருவர் என்ரிகோ குவாரன்டெல்லி என்ற சமூகவியலாளர். வெள்ளம், புயல், நிலநடுக்கம் நடந்த இடங்களுக்கே போய் மக்களிடம் பேசிய அந்த ஆய்வாளர்கள், கண்மூடித்தனமாகச் சிதறி ஓடும் கூட்டம் மிக அபூர்வம் என்று திரும்பத் திரும்பக் கண்டார்கள். ஜப்பானின் கோபே நகரை 1995 ஜனவரி 17 அதிகாலையில் நிலநடுக்கம் குலைத்துப்போட்டது. அப்போது இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான்.

‘மக்கள் வெறிபிடித்துவிடுவார்கள்’ என்ற நம்பிக்கையைக் கண்டுதான் எனக்குப் பயம். 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ் நகரைப் பற்றிப் பரவிய கொலை, கொள்ளைக் கதைகளில் பலவும் வதந்தி என்று பின்னால் தெரிந்தது. அதற்குள் செப்டம்பர் 4 அன்று டான்சிகர் பாலத்தில் ஆயுதம் ஏதுமில்லாத மக்களைப் போலீஸார் சுட்டார்கள். இரண்டு பேர் இறந்தார்கள், நான்கு பேருக்குக் காயம். அப்புறம் அதை மூடிமறைக்கவும் பார்த்தார்கள்.

முதல் வாரம் உதவி குவிகிறது. பிறகு ஒருவரையும் காணோம். மக்களின் இரக்கம் அவ்வளவுதானா? (ஒரு வாசகர்)

இரக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதே கோபேவுக்கு ஒரே ஆண்டில் பத்து லட்சத்துக்கும் அதிகமான தன்னார்வலர்கள் வந்தார்கள். அந்த அலைதான் 1998-இல் ஜப்பானில் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கென்று தனிச் சட்டம் வருவதற்கே வழிவிட்டது. அப்படியிருந்தும், தற்காலிகக் குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்டோர் யாருமில்லாமல் தனியாக இறந்துபோனார்கள்.

காரணத்தைக் கவனியுங்கள். வீடுகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள், முதியவர்களுக்கும் உடல் முடியாதவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் ஒரே தெருவில் பல காலம் வாழ்ந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போய் விழுந்தார்கள். ‘என்ன, இன்னும் எழுந்திருக்கவில்லையா?’ என்று கதவைத் தட்டுகிற மனிதர் அடுத்த வீட்டில் இல்லாமல் போனார். 2004-இல் நீகாட்டா பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது இந்தப் பாடம் நினைவிலிருந்தது. யாமகோஷி கிராமத்து மக்களை, ஒவ்வொரு குடியிருப்பும் கலையாமல் ஒன்றாகவே தற்காலிக வீடுகளில் தங்கவைத்தார்கள்.

எத்தனை வீடு கட்டினோம் என்ற கணக்கைவிட, யார் யாருக்கு அடுத்த வீட்டுக்காரர் என்ற பட்டியலை நிவாரண அதிகாரிகள் முதலில் கையில் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

அநியாயமாகப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்கு, போராட்டம் என்று அலைகிறார்கள். மறந்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே? (ஒரு வாசகர்)

தயவுசெய்து அவர்களிடம் நேரில் இதைக் கேட்டுவிடாதீர்கள்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் 1989 ஏப்ரல் 15 அன்று நெரிசல். பல ஆண்டு கழித்து இறந்தவரையும் சேர்த்துப் பலி 97. குடித்துவிட்டு வந்த ரசிகர்கள்தான் காரணம் என்று போலீஸ் தரப்பு சொன்னது, பத்திரிகையிலும் வந்தது. 1991-இல் விபத்து என்று தீர்ப்பெழுதி முடித்துவிட்டார்கள். பெற்றோர்கள் விடவில்லை. 2012-இல் ஒரு சுயாதீனக் குழு ஆவணங்களையெல்லாம் புரட்டியபோது, போலீஸாரின் வாக்குமூலங்களில் 164 கணிசமாகத் திருத்தப்பட்டிருந்தது வெளியே வந்தது. 2016-இல் ஜூரிகள், ரசிகர்கள்மேல் தவறில்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றார்கள். 27 ஆண்டு! அந்தப் பெற்றோர்கள் மறந்திருந்தால், தம் சாவுக்குத் தாமே காரணமான கூட்டம் என்ற பழியோடு அல்லவா அந்தப் பிள்ளைகள் பதிவேட்டில் கிடந்திருப்பார்கள்?

போபாலையும் சொல்ல வேண்டும். 1984 டிசம்பர் 2 இரவு கசிந்த விஷவாயுவுக்கு, 2010-இல்தான் ஏழு பேருக்கு இரண்டாண்டுத் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. தப்பிப் பிழைத்தவர்கள் 2006-லும் 2008-லும் தில்லிவரை நடந்தே போனார்கள், சுத்தமான குடிநீரும் கேட்டு. நிம்மதியை அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது அவர்களுக்குக் கொடுக்கப்படவே இல்லை.

குற்றவாளிகள் தப்பிவிட்டால் எல்லாம் வீண்தானே?

இல்லை. 1911-இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் இறந்தார்கள். தப்பிக்க வேண்டிய கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. முதலாளிகள் விடுதலையானார்கள். ஆனால் அந்தக் கோபத்தில் விசாரணைக் குழு அமைந்தது, தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. தீயை நேரில் பார்த்த ஃபிரான்சஸ் பெர்கின்ஸ் 1933-இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார்.

என் தோழியின் மகன் இறந்து ஆறு மாதம் ஆகிறது. என்ன பேசுவதென்று தெரியாமல் ஒதுங்கியே இருந்துவிட்டேன். இப்போது போகலாமா? (ஒரு வாசகி)

போங்கள் அம்மா, உடனே போங்கள். இழப்பில் இருக்கும் குடும்பங்களோடு நெடுங்காலம் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஆறாவது மாதம் முதல் வாரத்தைவிடக் கொடுமையானது. வந்தவர்களெல்லாம் அவரவர் வாழ்க்கைக்குத் திரும்பியிருப்பார்கள்.

‘ஏதாவது வேண்டுமென்றால் சொல்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்கும் தெம்பு அவருக்கு இருக்காது. ‘வியாழக்கிழமை மாலை வருகிறேன், அந்த அலுவலக வேலைக்கு நானும் கூட வருகிறேன்’ என்று நாளும் வேலையும் சொல்லுங்கள். மகனின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், அழுவாரே என்று பயப்பட வேண்டாம். பெயரையே யாரும் எடுக்காததுதான் பல தாய்மார்களை வதைக்கிறது. அவன் பிறந்தநாளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் தட்டிக்கழிக்காமல் நேரடியாகக் கேளுங்கள், தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இத்தனை நாள் வராததற்கு ‘மன்னித்துவிடு’ என்று ஒரு வரி போதும். காரணமெல்லாம் அவர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.