கென்யாவுக்கு ஒரு வருடம் பாடம் நடத்தப் போகிறாள், விடலாமா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்துத் தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறாள். இப்போது கென்யாவில் மிஷனரிகளின் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் ஒரு வருடம் கற்பிக்கப் போகிறேன் என்கிறாள். சம்பளம் கிடையாது. பெரியப்பாவோ, லோன் போட்டு லண்டனில் எம்.பி.ஏ. படிக்க அனுப்பு, இல்லையென்றால் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து இங்கேயே நிரந்தர வேலை வாங்கிவிடு என்கிறாராம். "ஊழியத்துக்குப் போகாதே என்று சொல்லவும் பயம், போ என்று சொல்லவும் மனசு வரவில்லை" என்று முடித்திருக்கிறார்.

அம்மா, உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் பெரியப்பா சொல்லும் இரண்டு வழியுமே தப்பு. கணக்குச் சொல்லிக்கொடுப்பதில் உயிரை வைத்திருக்கும் பெண்ணுக்கு எம்.பி.ஏ. எதற்கு? படிப்பு முடிந்து வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை வந்து நிற்கும். பணம் கொடுத்து வாங்கும் வேலையின் பெயர் லஞ்சம். அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

மகள் சொல்வதைப் பார்ப்போம். மிஷனரி வேலை என்றாலே கிராமம் கிராமமாகப் பிரசங்கம் செய்வது என்று நம் சபைகளில் நினைக்கிறோம். ஒரு குக்கிராம ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் டாக்டர், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்றால் ஊருக்குத் திரும்பிவிடுவார். அவரை அங்கே நிற்க வைப்பது இப்படிப்பட்ட பள்ளிகள்தான். கென்யாவில் கிஜாபே என்ற ஊரில், ஆப்பிரிக்கா இன்லேண்ட் மிஷன் என்ற மிஷனரி அமைப்பு 1906-ல் தொடங்கிய ரிஃப்ட் வேலி அகாடமி இதற்கு நல்ல உதாரணம். உறைவிடப் பள்ளி, அமெரிக்கப் பாடத்திட்டம். கிட்டத்தட்ட ஊட்டி உயரத்தில் இருப்பதால் ஸ்வெட்டர் இல்லாமல் போகக் கூடாது.

அங்கே ஆசிரியர் வேலை மணி அடித்ததும் முடிவதில்லை. சாயங்காலம் விளையாட்டு மைதானம், ராத்திரி விடுதிப் பிள்ளைகளின் படிப்பு நேரம், ஞாயிறு ஆராதனை என்று எல்லாவற்றிலும் பங்கு உண்டு. நம் வகுப்பில் பிள்ளைகள் எழுந்து நின்று, மிஸ் சொன்னதை எழுதிக்கொள்வார்கள். அங்கே பதினைந்து வயதுப் பையன் உட்கார்ந்தபடியே, "இந்த முறை எதற்கு, வேறு மாதிரிப் போட்டால் என்ன?" என்று கேட்பான். அதை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொண்டால் முதல் மாதமே நொந்துபோவாள். சாப்பாடு பெரிய பிரச்சினை இல்லை. சப்பாத்தியும் பால் டீயும் கென்யா முழுக்கக் கிடைக்கும், நைரோபியில் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன. உகாலி என்ற மக்காச்சோள மாவுக் களியும் கீரையும் போகப் போகப் பழகிவிடும்.

கஷ்டம் விடுமுறையில்தான். மூன்று மாதம் பள்ளி, ஒரு மாதம் லீவு என்று வருடம் ஓடும். லீவு விட்டதும் பிள்ளைகள் பெற்றோரிடம் போய்விடுவார்கள், விடுதி காலியாகும். முதல் டிசம்பரில், கிறிஸ்மஸ் நேரத்தில், புதிதாக வந்த ஆசிரியருக்கு வீட்டு ஞாபகம் போட்டு வதைக்கும். அந்த மாதம் யார் வீட்டில், என்ன வேலையில் இருக்கப் போகிறாள் என்பதை இங்கிருந்தே பேசி முடிவு செய்யட்டும்.

இனி பணம். இதில் நான் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இத்தகைய பள்ளிகளில் ஆசிரியர்கள் தங்கள் செலவுக்குத் தாங்களே ஆதரவாளர்களைச் சேர்க்க வேண்டும். விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு, வேலை அனுமதிக் கட்டணம், அவசரத்துக்குத் திரும்பி வரும் செலவு என எல்லாம் ஒரே தாளில் எழுதப்பட வேண்டும். முழுத் தொகைக்கும் வாக்கு கிடைத்த பிறகுதான் டிக்கெட். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று பாதிப் பணத்தோடு கிளம்பக் கூடாது. உங்கள் நகை அடகுக் கடைக்குப் போகவே கூடாது. இன்னொன்று, சபையின் அறக்கட்டளைப் பணத்தை வெளிநாட்டு வேலைக்குச் செலவிட்டால் வரிவிலக்கில் சிக்கல் வரலாம். சபையின் ஆடிட்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

விசிட்டராகப் போய் அங்கேயே பாடம் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கென்யாவில் மத, அறப்பணியாளர்களுக்குத் தனி வகை வேலை அனுமதி இருக்கிறது. போலீஸ் சான்றிதழை பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வாங்கி வைக்கட்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசி பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு போட வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள்.

திரும்பி வந்தபின் வேலை? அரசுப் பணித் தேர்வுக்கு இந்த ஒரு வருடம் பெரிதாக உதவாது. சென்னை, பெங்களூரு சர்வதேசப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும்போது உதவும், அனுபவச் சான்றிதழில் எடுத்த பாடமும் வகுப்பும் தெளிவாக இருந்தால்.

அவளிடம் ஒரு கேள்வியைத் தனியாகக் கேளுங்கள்: கல்யாணப் பேச்சிலிருந்து தப்பிக்கப் போகிறாயா, சொல்லிக்கொடுக்கப் போகிறாயா? மே மாத வி.பி.எஸ்.ஸில் (சபையின் விடுமுறை வேதாகமப் பள்ளியில்) வருடா வருடம் நிற்பவள், பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று பின்னங்களைக் காகிதம் வெட்டிச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பதில் ஏறக்குறைய தெரிந்துவிட்டது. ஆனால் அவள் வாயால் வர வேண்டும்.

பெரியப்பாவிடம் நீங்கள் வாதாட வேண்டாம். செலவுத் தாளை அவளே கொண்டுபோய்க் காட்டட்டும். பள்ளியின் நியமனக் கடிதம் வந்ததும், கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். பாதியில் திரும்ப நேர்ந்தால் டிக்கெட் யார் பொறுப்பு என்ற வரி அதில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம்.