டபுள் பாஸுக்குக் கையால் செய்த குடல் தந்தி போடலாமா? கன்னியாகுமரி மாவட்டத்து ஈரக் காற்றுக்குத் தாங்குமா?

போடலாம். நம்ம ஊர்க் காற்றுக்கும் தாங்கும். ஆனால் வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய கருவியான இதில் உள்ள நான்கு தந்திகளையும் மாற்ற வேண்டாம். மேல் சுவரம் தரும் ஜி, டி இரண்டையும் குடல் தந்தியாக்குங்கள். கீழ்ச் சுவரம் தரும் ஏ, ஈ இரண்டும் கம்பி சுற்றிய தந்தியாகவே இருக்கட்டும். ஏன் இப்படிப் பாதிப் பாதி என்று சொல்கிறேன்.

கேள்வி கேட்ட நாகர்கோவில் நண்பர், எஃகுத் தந்தி போட்ட தன் பாஸின் ஓசை பாடகர் குழுவோடு சேராமல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று எழுதியிருக்கிறார். நானும் மார்த்தாண்டம் பக்கம் ஒரு சர்ச் பாடகர் குழுவில் டபுள் பாஸ் வாசிப்பவன். அவர் சொல்வது எனக்கு நன்றாகவே புரிகிறது. எஃகில் ஒரு சுவரத்தை விரலால் தட்டினால் அது நின்று இழுக்கும். நாலு குரலில் பாமாலை பாடும்போது அடுத்த சுவரம் வந்த பிறகும் முந்தைய சுவரத்தின் ரீங்காரம் அடியில் கிடக்கும். குடல் தந்தியில் அந்த இழுவை இல்லை. ‘தும்’ என்று அழுத்தமாக எழும்பி, வேலையை முடித்துவிட்டு அடங்கிவிடும். உள்ளுக்குள்ளேயே அதிர்வை விழுங்கும் குணம் குடலுக்கு உண்டு; கூர்மையான மேல் அதிர்வுகள் முதலில் சாகும், அடிச் சுவரம் மட்டும் கனமாகக் கேட்கும். ஆண் குரல்களுக்குக் கீழே அது பாய் விரித்த மாதிரி கிடக்கும்.

சரி, இது எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால்தான் ஏன் இந்த விலை, ஏன் இந்தப் பராமரிப்பு என்பது புரியும். பெரும்பாலும் செம்மறியாட்டின் சிறுகுடல். மாட்டுக் குடலிலும் செய்கிறார்கள். ஓர் ஆட்டின் சிறுகுடலை நீட்டினால் 20 மீட்டருக்கு மேல் வரும். ஆட்டை அறுத்த சூடு ஆறுவதற்குள் எடுத்துக் கழுவி, கொழுப்பை நீக்கி, காரம் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு, வேண்டாத சவ்வுகளை வழித்து எடுப்பார்கள். மிஞ்சுவது கொலாஜன் என்ற புரத நார் நிறைந்த அடுக்கு, ஒளி ஊடுருவும் மெல்லிய நாடா. அதை நீளவாக்கில் கீறி, எவ்வளவு தடிமன் வேண்டுமோ அதற்குத் தக்கபடி பல நாடாக்களைச் சேர்த்து, ஈரத்தோடு முறுக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். இதில் பசையே கிடையாது. காயக் காய நாடாக்கள் ஒன்றோடொன்று தாமாகவே ஒட்டி ஒரே தந்தியாகிவிடும். அப்புறம் தேய்த்து உருட்சியாக்கி, எண்ணெய் பூசுவார்கள். கேட்டால் வார்னிஷும் அடித்துத் தருவார்கள்.

கைவேலையின் அருமை முறுக்கிலும் தேய்ப்பிலும் இருக்கிறது. தந்தி ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலிந்திருந்தால் சுருதி பொய் சொல்லும். புதுத் தந்தி வந்ததும் நான் செய்யும் முதல் சோதனை: கழுத்தின் மேல்முனையில் தந்தி படியும் நட்டுக்கும், கீழே தந்தியைத் தாங்கும் பிரிட்ஜுக்கும் சரிபாதியில் விரலை அழுத்தாமல் வைத்து வில்லைப் போடுவேன். மேல் ஸ்தாயி அங்கேயே தெளிவாகக் கிடைத்தால் தந்தி சீரானது. கொஞ்சம் தள்ளித்தான் கிடைக்கிறதென்றால் அது சீரில்லை, திருப்பி அனுப்பவேண்டியதுதான். நல்ல ஜி தந்தியை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தேன் நிறத்தில் உள்ளே வெளிச்சம் ஓடும். முறுக்கின் சாய்கோடுகள் ஒரே இடைவெளியில் முனை வரைக்கும் போகும்.

இனி அந்தப் பாதிப் பாதிக் கணக்கு. வழக்கமாகப் புழங்கும் முக்கால் அளவு பாஸில் அதிரும் தந்தியின் நீளம் ஏறக்குறைய 105 சென்டிமீட்டர். திறந்த ஜி விநாடிக்கு 98 அதிர்வு, டி 73, ஏ 55, ஈ 41. குடலின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம், சுமார் 1.3 மடங்கு. 2.3 மில்லிமீட்டர் தடிமனில் ஜி போட்டால் இழுவிசை 23 கிலோ அளவுக்கு வரும். 2.9 மில்லிமீட்டர் டி என்றால் 21 கிலோ. இரண்டும் விரலுக்கும் வில்லுக்கும் இதமானவை. இதே இழுவிசைக்கு ஏ தந்தி கிட்டத்தட்ட 3.8 மில்லிமீட்டர் ஆகிவிடும்; ஈ தந்தி 5 மில்லிமீட்டர்! அவ்வளவு தடித்த தந்தி விறைத்துப்போகும், வில்லுக்குச் சட்டென்று பேசாது. 17-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு வழி கண்டுபிடித்தார்கள்: குடலின் மேல் உலோகக் கம்பியைச் சுற்றி, தடிமன் கூடாமல் எடையை மட்டும் கூட்டுவது. இன்றைக்கும் பிராஸ்ட்ரோ என்ற தந்திக் கம்பெனியின் கோர்டா செட்டில் ஜி, டி வெறும் குடல். ஏ, ஈ கம்பி சுற்றியவை. ஜாஸ் உலகில் பாஸ் கலைஞர் சார்லி ஹேடன் மேல் இரண்டைக் குடலாகவும் கீழ் இரண்டை உலோகமாகவும் வைத்தே வாசித்தார். எல்லாரும் எஃகுக்கு மாறிவிட்ட பிறகும் அவருடைய அந்தக் கனத்த, பேசுகிற ஓசை அப்படியே இருந்தது. எனக்கு முதலில் ஆசை வந்ததே அவர் வாசிப்பைக் கேட்டுத்தான்.

நம்ம மாவட்டத்துக்கு வருவோம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நமக்கு உண்டு. ஆனி ஆடிச் சாரல், அப்புறம் ஐப்பசி கார்த்திகை அடைமழை, நடுவில் கடல்காற்று. கொலாஜன் ஈரத்தை உறிஞ்சும். தந்தி உப்பும், சுருதி நகரும். இதைத் தடுக்க முடியாது, சமாளிக்கத்தான் முடியும். சமாளிக்கும் முறையை எனக்குச் சொன்னவர் ஒரு வில்லிசைப் புலவர். அவர்கள் வில்லின் நாணும் தோல்தானே! ஒரு கோயில் கொடையில் பாடி முடித்து உட்கார்ந்திருந்தவரிடம், “மழை நேரத்துல நாணுக்கு என்ன செய்வீங்க அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“தோலு ஈரத்த இழுக்கும் மக்கா. வந்த ஒடனே இறுக்கப்பிடாது. கொஞ்ச நேரம் பந்தல்ல வெச்சிரு. அந்த எடத்துக் காத்து அதுக்குப் பழகட்டும், பொறவு இறுக்கு” என்றார்.

குடல் தந்திக்கும் இதைவிட நல்ல யோசனை கிடையாது. ஆராதனை ஒன்பது மணிக்கென்றால் பாஸ் எட்டு மணிக்கே சர்ச்சுக்குள் இருக்க வேண்டும், உறையைக் கழற்றி. முதல் பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, பிரசங்கம் முடிந்து ஒரு தடவை சுருதி பாருங்கள். எனக்கு அவ்வளவு போதுமானதாக இருக்கிறது. தந்தியை உண்மையில் படுத்துவது மழை அல்ல, மாற்றம். ஏசி ஹாலிலிருந்து எடுத்து, வேனில் ஏற்றி, நேராகத் திறந்தவெளி மேடைக்குக் கொண்டுபோனால் எந்தக் குடல் தந்தியும் நிற்காது. அப்படி அலைகிற வாசிப்பு உங்களுடையது என்றால் வார்னிஷ் போட்டதை வாங்குங்கள், ஈரம் உள்ளே போவது மெதுவாகும்.

வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள், வியர்வை தந்திக்கு ஆகாது. தை, மாசியில் காற்று உலரும்போது மேற்பரப்பில் மெல்லிய நார்கள் கிளம்பும். பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் நீளமாகக் கிழிந்துகொண்டே போகும். நகவெட்டியால் ஒட்ட வெட்டிவிட்டு, விரல் நுனியில் ஒரு சொட்டு பாதாம் எண்ணெய் தொட்டுத் தடவினால் போதும். வில் படும் இடத்தில் மட்டும் எண்ணெய் படவே கூடாது, வில் வழுக்கும். வில்லில் தேய்க்கும் ரோசினும் நம்ம வெயிலுக்குக் கெட்டியான வகையாக இருக்கட்டும். ரொம்ப இளகிய ரோசின் டப்பாவுக்குள்ளேயே உருகி ஓடிவிடும்.

மாட்டும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் உள்ளே மேல்பலகையைத் தாங்கி நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற மரக்குச்சி சாய்ந்துவிடும். எஃகைவிடக் குடல் தடிமன் என்பதால் பிரிட்ஜிலும் நட்டிலும் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். பள்ளம் குறுகலாக இருந்தால் தந்தி அங்கேயே நசுங்கி அறும். வயலின் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்து மெல்லிய உருட்டு அரத்தால் ராவச் சொல்லி, பென்சில் கரியைத் தேயுங்கள். தந்தியின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் டெயில் பீஸின் துளையில் முடிச்சு நிற்கிறதா என்றும் பாருங்கள். தந்தியின் உயரத்தையும் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும். குடல் தந்தி அகலமாக ஆடும், தாழ்வாக வைத்தால் விரல்பலகையில் பட்டுச் சடசடக்கும். முதல் வாரம் முழுக்கத் தந்தி நீண்டுகொண்டேதான் இருக்கும், ஆகவே கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாட்டிவிட்டு மேடை ஏறாதீர்கள். எஃகில் ஒவ்வொரு தந்தியும் 25 முதல் 30 கிலோ வரை இழுக்கும். குடலில் அந்தப் பாரம் குறைவதால் பழைய பாஸ்களின் மேல்பலகைக்கும் நல்லது.

ஆட்டுக் குடல் என்பதால் மனம் ஒப்பாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குச் செயற்கை இழையை உள்கருவாகக் கொண்ட பிராஸ்ட்ரோ ஒப்ளிகாட்டோ போன்றவை இருக்கின்றன. எஃகின் கூர்மை நன்றாகவே குறையும். குடலின் அந்த ‘தும்’ முழுசாக வராது, ஆனால் மழை வெயில் கவலை இல்லை. ஏ, ஈ இரண்டுக்கும் நானே அதைத்தான் போட்டிருக்கிறேன்.

இங்கே கடையில் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். முழு செட் என்றால் சுங்க வரியோடு சில பத்தாயிரம் ரூபாய் ஆகிவிடும். இரண்டு தந்தி மட்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்காவில் டுலூத் நகரத்தில் கேமட் என்ற பட்டறையில் கையாலேயே செய்கிறார்கள். இத்தாலியில் அப்ருட்சோ பகுதியின் சாலே என்ற மலைக் கிராமம் பல தலைமுறைகளாக இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. யாரிடம் கேட்டாலும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை உங்கள் பாஸின் நீளத்தை அளந்து எழுதுங்கள். அதிகம் வாசிப்பது வில்லாலா விரலாலா என்பதையும் சொல்லுங்கள், அதற்கேற்ற தடிமன் தருவார்கள். ஜி மட்டும் இரண்டாக வாங்கிவிடுங்கள். முதலில் தேய்வது அதுதான், கேட்டு வந்துசேர வாரக்கணக்கில் ஆகும்.