பழைய செங்கல் புகைபோக்கிக்குப் புதிய உள்குழாய்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கிழக்கு லண்டனில் 1890களில் கட்டப்பட்ட வரிசை வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். முன்னறைக் கணப்பு பல ஆண்டுகளாகப் பலகையால் அடைபட்டுக் கிடக்கிறது. அதைத் திறந்து 5 கிலோவாட் விறகு ஸ்டவ் ஒன்றை வைக்க விரும்புகிறோம். மாடிப் படுக்கையறையில் புகைபோக்கி செல்லும் சுவரில் பழுப்புக் கறை தெரிகிறது. வந்து பார்த்த பில்டர், "மேலிருந்து ஒரு ஸ்டீல் குழாயை இறக்கினால் போதும், கவுன்சிலுக்குச் சொல்லத் தேவையில்லை" என்கிறார். அவர் சொல்வதைக் கேட்கலாமா?
– வாசகி, ஈஸ்ட் ஹாம்

பதில்: தயவுசெய்து கேட்காதீர்கள், அம்மா. அவர் சொன்ன இரண்டுமே தவறு. இங்கிலாந்தின் கட்டட விதிகளின்படி, புகைபோக்கிக்கு உள்குழாய் இடுவதும் விறகு ஸ்டவ் பொருத்துவதும் அறிவித்துச் செய்யவேண்டிய வேலைகள். விறகு ஸ்டவ் பொருத்துபவர்களைப் பதிவுசெய்யும் ஹெட்டாஸ் (HETAS) போன்ற அமைப்பில் பதிவு பெற்றவர் செய்தால் அவரே சான்றளிப்பார். மற்ற எவர் செய்தாலும், வேலை தொடங்குமுன் கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாளை வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்கும் தாள்களுள் இந்தச் சான்றிதழும் ஒன்று.

ஆனால் தாளைவிடச் சுவர்தான் எனக்குக் கவலை தருகிறது. 1960களின் நடுப்பகுதியில் விதிகள் மாறும்வரை அங்கே வீட்டுப் புகைபோக்கிகளுக்கு உள்குழாய் கட்டாயமில்லை. சுண்ணாம்பும் மணலும், பல இடங்களில் மாட்டுச் சாணமும் கலந்த சாந்தை உட்புறம் பூசிவிடுவார்கள். நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அந்தப் பூச்சையும் செங்கல் இடைச்சாந்தையும் பல பத்தாண்டுகளாக அரித்திருக்கும். உங்கள் சுவரில் தெரியும் பழுப்புக் கறை பெரும்பாலும் புகையின் கீலும் (தார்) உப்பும் மழைநீரில் கரைந்து செங்கல் வழியே கசிந்து வந்ததுதான். எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் திரும்ப வரும். நீரே கசிகிற வழியில், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உங்கள் படுக்கையறைக்கும் அடுத்த வீட்டுக்கும் போவதற்குத் தடை ஏதும் இல்லை.

ஆகவே, குழாய் கடைசி வேலை. முதலில் தொழில்முறைத் துப்புரவாளரைக் கொண்டு புகைவழியைச் சுத்தம் செய்து, கேமரா இறக்கிப் பார்த்து, உள்ளே புகையை விட்டு எங்கே கசிகிறது என்று பார்க்கும் புகைச் சோதனையும் நடத்தச் சொல்லுங்கள். நீங்களே டார்ச்சோடு பரணில் ஏறி, புகைபோக்கியின் பக்கச்சுவரில் ஒரு பொருத்தைச் சாவிமுனையால் இலேசாகக் கீறிப் பாருங்கள். சாந்து மணலாக உதிர்ந்தால், அந்தப் பொருத்தைச் சுரண்டி மீண்டும் அடைத்தே ஆகவேண்டும். மரச்சட்டம் ஏதேனும் புகைபோக்கிக்குள் நுழைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். எரியக்கூடிய பொருள் புகைவழியின் உள்பரப்பிலிருந்து 200 மில்லிமீட்டராவது, அல்லது செங்கல் சுவரின் வெளிப்பரப்பிலிருந்து 40 மில்லிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. அக்காலக் கொத்தனார்கள் எல்லா வீட்டிலும் அப்படி இடைவெளி விட்டுக் கட்டவில்லை.

கூரைக்கு மேலுள்ள பகுதியைச் சுண்ணாம்புச் சாந்தால் பூசச் சொல்லுங்கள். சிமெண்ட் வேண்டாம் என்பதில் பிடிவாதமாக இருங்கள். பழைய செங்கல்லைவிடக் கடினமான சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாமல் கல்லுக்குள்ளேயே தேக்கும். பனி உறையும்போது கல்லின் முகம் பாளம்பாளமாகப் பெயரும். புகைபோக்கியின் உச்சிப் பூச்சும், அது கூரையைச் சந்திக்கும் இடத்து ஈயத்தகடும் சேதமாகியிருந்தால், சாரம் கட்டியிருக்கும்போதே அவற்றையும் முடித்துவிடுவது செலவுக்கு நல்லது. கூரைக்கு மேலுள்ள புகைபோக்கித் தண்டு சாய்ந்திருந்தால் மேற்பகுதியைப் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும்.

இனி உள்குழாய். களிமண் அல்லது பியூமிஸ் (இலேசான எரிமலைக்கல்) குழாய்த் துண்டுகள் மிக நீண்ட காலம் உழைக்கும். ஆனால் வளைவுள்ள இடங்களில் சுவரை உடைக்க வேண்டும். அவற்றை அடுக்கும்போது குழிவாய் (அடுத்த துண்டு உட்காரும் அகன்ற முனை) மேல்நோக்கி இருக்க வேண்டும். இல்லையேல் வழியும் கீல் பொருத்து வழியே வெளியே கசியும். ரப்பர் பையை ஊதி நிறுத்தி அதைச் சுற்றிக் கலவை வார்க்கும் முறை தளர்ந்த புகைபோக்கிக்குப் பலம் தரும்; பின்னர் அதை எடுக்க முடியாது. உங்கள் வீட்டுக்கு இரட்டைச் சுவர் கொண்ட, வளையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயே போதும். ஒற்றைச் சுவர்க் குழாய் எரிவாயுவுக்கு மட்டுமே உரியது. விலை குறைவு என்று அதைத் தலையில் கட்ட விடாதீர்கள். விறகுக்கு 316 தர ஸ்டீல் போதும் என்றாலும், புகையில்லா நிலக்கரியும் போடும் எண்ணமிருந்தால் 904 தரத்தைக் கேளுங்கள். விட்டம் 150 மில்லிமீட்டர். லண்டனின் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டு வட்டாரம் என்பதால் அங்கு அனுமதிக்கப்பட்ட ஸ்டவைத்தான் நீங்கள் வாங்கவேண்டும். அத்தகைய ஸ்டவுக்கு, தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டால், 125 மில்லிமீட்டர் குழாயும் ஏற்கப்படும். புகைபோக்கிக்குள் குழாயில் இணைப்பே இருக்கக்கூடாது. அதன் மேலுள்ள அம்புக்குறி வானத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் மூன்றைச் சரிபாருங்கள்: மீண்டும் ஒரு புகைச் சோதனை, குழாயின் விவரம் பொறித்த அறிவிப்புத் தகடு, ஸ்டவிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம். அலாரம் இல்லாமல் ஸ்டவைப் பற்றவைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் புகைபோக்கித் தண்டு பக்கத்து வீட்டாருடன் பொதுவானது. அவர்களைக் கேட்காமல் பழுதுபார்க்கலாமா?
– வாசகர், ஹாரோ

பதில்: 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டம் இதற்குப் பொருந்தக்கூடும்; பொருந்தினால், எழுத்து மூலம் இரண்டு மாத முன்னறிவிப்புத் தர வேண்டும். அவர்களது புகைவழிக்கும் உங்களுடையதற்கும் இடையே ஒற்றைச் செங்கல் தடுப்புதான் இருக்கும்; அது இடிந்திருந்தால் உங்கள் புகை அவர்கள் வீட்டில் இறங்கும். எனவே புகைச் சோதனை நாளில் அவர்களும் வீட்டில் இருந்து, தங்கள் அறைகளைப் பார்ப்பது அவசியம்.

கேள்வி: பயன்படுத்தாத மற்றப் புகைவழிகளை மூடிவிடலாமா?
– அதே வாசகர்

பதில்: முற்றாக அடைக்காதீர்கள். மேலே மழை புகாத, காற்றுப் போகும் மூடியும், கீழே அடைத்த பலகையில் ஒரு சிறு காற்றுத் துளையும் வையுங்கள். காற்றோட்டம் நின்றால் உள்ளே ஈரம் தேங்கிச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும்.