போலந்தின் குடிபெயர்வுக் கணக்கு ஏன் ஒத்துவரவில்லை?

வணக்கம். போலந்து அரசின் பதிவில் வெளியேறியவர்கள் ஆண்டுக்குச் சில பத்தாயிரம் பேர்தான் என்றிருக்க, பிரிட்டன் கணக்கில் லட்சக்கணக்கில் போலந்துக்காரர்கள் இருப்பது எப்படி, ஆய்வேட்டில் எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே பிழையல்ல, அளப்பதுதான் வேறு.

நிரந்தர முகவரிப் பதிவை முறைப்படி நீக்கிக்கொண்டு போகிறவர்களை மட்டுமே போலந்தின் பதிவேடு குடிபெயர்ந்தவர்களாகக் கொள்கிறது. 2004 மே 1 அன்று அந்நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தவுடன் பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் ஆகியவை வேலைச் சந்தையைத் திறந்துவிட, சில மாதம் சம்பாதித்துத் திரும்பலாம் என்று கிளம்பிய இளைஞர் பெற்றோர் வீட்டு முகவரியை அப்படியே விட்டுப் போனார். பத்தாண்டு அங்கேயே தங்கினாலும் ஏட்டின்படி அவர் ஊரில்தான் இருக்கிறார். இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் போலந்தில் பிறந்தோர் 2001இல் சுமார் 58 ஆயிரம், 2011இல் சுமார் 5.79 லட்சம்.

ஆகவே, தற்காலிகமாக வெளிநாட்டில் இருப்போர் பற்றிப் போலந்துப் புள்ளியியல் அலுவலகம் தரும் மதிப்பீட்டை (2007 இறுதியில் ஏறத்தாழ 22.7 லட்சம்) அடிப்படையாகக் கொண்டு, சென்று சேர்ந்த நாடுகளின் தரவோடு ஒப்பிடுங்கள், பதிவேட்டு எண்ணை அதனுடன் கூட்டிவிடாதீர்கள். ஜெர்மனி தன் வேலைச் சந்தையை 2011 மே மாதம்தான் முழுமையாகத் திறந்தது என்பதால் அந்த ஆண்டைத் தனியே பாருங்கள்.

வெளியேற்றத்தோடு நிறுத்திவிடவும் வேண்டாம். 2014க்குப் பிறகு உக்ரைனியர் பெருமளவில் போலந்துக்கு வேலைக்கு வந்தார்கள். அங்கே வெளிநாட்டவர் ஒருவருக்கு வேலை தருவதாக முதலாளிகள் பதிவு செய்யும் அறிவிப்புகளை ஆட்களின் எண்ணிக்கையாகக் கொள்ளக் கூடாது. ஒருவர் பெயரிலேயே ஓராண்டில் பல அறிவிப்புகள் இருக்கலாம்.